மூத்தவரின் மறுவருகையும் இளையவரின் மைதானமும்

ஓய்வு பெறுவதாக உலகறிய அறிவித்து, கல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் திரண்டிருந்த பெருங்கூட்டம் கண்ணீரோடு விடைகொடுக்க, 2024ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி குவைத்துக்கு எதிரான ஆட்டத்தோடு இந்தியக் கால்பந்து அணியின் சட்டையைக் கழற்றிவைத்த அதன் தலைவர் சுனில் சேத்ரி, ஒன்பது மாதங்கள் கழித்துத் தமது நாற்பதாவது வயதில் அதே சட்டையை மீண்டும் அணிய வந்தபோது, தேசத்தில் இருவிதமான அபிப்பிராயங்கள் எழுந்தன. தலைவர் திரும்பிவிட்டார், இனிக் கவலையில்லை என்று ஒரு சாரார் ஆனந்தித்தார்கள். இளைஞர்களின் வழியை மறிக்கிறார், போன மனிதர் போனவராகவே இருந்திருக்கலாம் என்று மற்றொரு சாரார் வருந்தினார்கள். இரு சாராரும் இந்த ஆட்டத்தின்மீது மெய்யான பிரியம் உள்ளவர்களே. ஆயினும் இருவர் பார்வையும் அந்த ஒரு மனிதரோடு நின்றுவிட்டது. சேத்ரி வந்ததில் குற்றம் இல்லை என்பதும், அவரை அழைக்க நேர்ந்த நிலைமைதான் நாம் தலைகுனிய வேண்டிய விஷயம் என்பதும், அந்த நிலைமையின் வேர் கல்கத்தாவிலும் டில்லியிலும் மட்டுமல்லாமல் எங்கள் புதுமடம் போன்ற கடலோரக் கிராமங்களின் மணல்வெளிகளிலும் ஓடியிருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

கூடுதலாக ஒரு பருவம் ஆடுவது என்ற இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து என்று வழங்கும் ஆட்டம், நாம் ஆடும் கால்பந்தோடு பெயரில் மட்டுமே உறவுடையது. நீள்வட்டமான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. அதில் குவார்ட்டர்பேக் என்ற ஸ்தானத்தில் நிற்பவனே அணியின் மூளை. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்கு வர, எதிரிகள் தன்மேல் பாய்ந்து வீழ்த்துவதற்குள் இருக்கிற ஓரிரு விநாடிகளில், யாருக்கு எறிவது, தானே ஓடுவதா என்று தீர்மானிக்க வேண்டியவன் அவன். அங்கே ஒரு மாணவன் ஐந்தாண்டுக் காலத்திற்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பது நெடுநாளைய விதி. கொரோனா வந்த 2020ஆம் ஆண்டில் ஆடியவர்களுக்கெல்லாம் அந்தப் பருவம் கணக்கில் சேராது என்று சலுகை தரப்பட்டதால், அதன் பின்பு ஆறாம் ஆண்டு, ஏழாம் ஆண்டு என்று கல்லூரியிலேயே ஆடிய மூத்த வீரர்களை அந்த நாடு கண்டது.

அவர்களுள் டியேகோ பாவியா என்ற இளைஞனின் கதை நாம் அறியத்தக்கது. பெரிய பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பாராத காரணத்தால் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் ஆட்டத்தைத் தொடங்கி, நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகம் வழியாக வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தை வந்தடைந்து, 2024 அக்டோபரில் தேசத்தின் முதல் வரிசையில் நின்ற அலபாமாவை 40க்கு 35 என்று வீழ்த்திய அணியை நடத்திய அவன், அந்தப் பருவத்தோடு ஆடும் உரிமை தீர்ந்தது என்று சொல்லப்பட்டபோது, சிறிய கல்லூரியில் ஆடிய காலத்தை என் கணக்கில் எழுதுவது நியாயமன்று என்று நீதிமன்றத்தை நாடினான். 2024 டிசம்பரில் நீதிபதி அவன் பக்கம் இடைக்காலத் தீர்ப்பளித்தார். அவன் திரும்பி வந்து ஆடிய 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் அப்பல்கலைக்கழகம் தன் சரித்திரத்திலேயே முதன்முறையாகப் பத்து வெற்றிகளைக் கண்டது. கல்லூரி வீரர்களுக்குரிய மிகப் பெரிய விருதாகிய ஹைஸ்மனில் அவன் இரண்டாம் இடம் பெற்றான். 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்டலாம் என்று அனுமதிக்கப்பட்டிருப்பதால், இவ்வழக்குகளுக்குப் பின்னால் பெரும் பணமும் இருக்கிறது என்பது வாஸ்தவமே. ஆனாலும், ஓர் இளைஞனுக்கு எத்தனை பருவங்கள் கிட்டவேண்டும் என்பது நீதிபதி அமர்ந்து விசாரித்துத் தீர்க்கத்தக்க காரியமாக ஒரு நாட்டில் மதிக்கப்படுகிறதே, அந்த மதிப்பின்மீது எனக்குப் பொறாமை உண்டு.

நம் சேத்ரியின் விஷயத்தில் எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. 2005 ஜூனில் குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தம் முதல் ஆட்டத்தை ஆடி, அதிலேயே முதல் கோலையும் அடித்து, உயரமும் பருமனும் இல்லாத உடம்பைக் கட்டுப்பாடான வாழ்க்கையாலும் இடையறாத பயிற்சியாலும் இருபதாண்டுகள் ஆயுதமாகவே வைத்திருந்து, சர்வதேச ஆட்டங்களில் 95 கோல்கள் அடித்து, ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி ஆகிய மூவருக்கு அடுத்த ஸ்தானத்தில் தம் பெயரை எழுதிக்கொண்ட மனிதர் அவர். அவர் விலகிய 2024ஆம் ஆண்டு முழுவதிலும் இந்திய அணி ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. அவரோ, தேசிய அணியிலிருந்து விலகிய பின்பும் பெங்களூரு கிளப்புக்காக ஆடிக்கொண்டிருந்தார். அந்த 2024-25 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கில் 14 கோல்கள் அடித்தார். அந்த லீக்கில் அவ்வாண்டு எந்த இந்தியரும் அத்தனை கோல்கள் அடிக்கவில்லை. டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தபோது அவர் வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. இந்த நிலையில் பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் அவரை அழைத்தார், அவர் வந்தார். நாடு கூப்பிடுகிறது, உடம்பு ஒத்துழைக்கிறது, கால் கோலடிக்கிறது என்னும்போது மறுத்திருந்தால்தான் அது ஆச்சரியம்.

2025 மார்ச் 19ஆம் தேதி ஷில்லாங்கில் மாலத்தீவு அணியை இந்தியா மூன்று கோல்களில் வென்றது. மூன்றாவது கோல், இடப்புறமிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டிச் சேத்ரி அடித்தது. 2023 நவம்பருக்குப் பின் இந்தியா கண்ட முதல் வெற்றி அதுதான். அன்றைய குதூகலம் ஒரு வாரம் நீடித்தது. அதே ஊரில் வங்கதேசத்தோடு கோலின்றிச் சமநிலை. ஜூனில் ஹாங்காங்கில், கூடுதல் நேரத்தில் கொடுத்த ஒரு பெனால்ட்டியால் தோல்வி. அக்டோபரில் சிங்கப்பூரோடு அங்கே சமநிலை, இங்கே மட்காவ் மைதானத்தில் முதல் கோலை நாமே அடித்தும் 1-2 என்று தோல்வி. இவ்வளவில் 2027ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெறும் வாய்ப்பு நம் கையை விட்டுப் போயிற்று. அந்தப் போட்டி நடக்கவிருப்பது சவூதி அரேபியாவில். ரியாத்திலும் ஜித்தாவிலும் தம்மாம் பக்கத்திலும் பிழைப்புக்காக வாழும் எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் எத்தனை பேர் இந்தியக் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு அந்த மைதானங்களுக்குப் போகக் காத்திருந்தார்கள் என்பதை அவர்களோடு பேசிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இனி, மூத்தவர் இளையவரின் இடத்தை அபகரிக்கிறார் என்ற ஆட்சேபணையைச் சற்று நின்று ஆராய வேண்டும். இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. எங்கள் இராமநாதபுரத்துக்குப் பக்கத்து ஜில்லாவாகிய சிவகங்கையின் கண்டனூரில் பிறந்த சிவசக்தி நாராயணன், இதே பெங்களூரு கிளப்பில் சேத்ரியோடு ஆடியவர். 2022 செப்டம்பரில் கல்கத்தாவில் நடந்த டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில், மும்பை அணிக்கு எதிராகப் பதினோராவது நிமிஷத்தில் முதல் கோலை அடித்தவர் இந்தக் கண்டனூர்ப் பிள்ளை. அதைத் தொடர்ந்த சூப்பர் லீக் பருவத்தின் பிற்பகுதியில் நடந்தது, நம் நாட்டு விளையாட்டுலகில் அபூர்வமானது: இருபத்தோரு வயதுச் சிவசக்தி முதல் பதினொருவரில் ஆட, இந்தியாவின் தலைவராகிய சேத்ரி பல ஆட்டங்களில் வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தார். முணுமுணுப்பு எழவில்லை. பத்திரிகைகளுக்குச் செய்தி கசியவில்லை. அழைத்தபோது எழுந்து வந்து ஆடினார். அவ்வாண்டு லீக்கின் சிறந்த வளரும் வீரர் என்ற விருது சிவசக்திக்குக் கிடைத்தது.

2023 மார்ச் 18ஆம் தேதி கோவாவில் நடந்த அந்த லீக்கின் இறுதியாட்டத்தையும் நினைவுகூர வேண்டும். ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களுக்குள் சிவசக்தி அடிபட்டுத் தரையில் கிடந்தார். அவரால் தொடர முடியவில்லை. அவருக்குப் பதிலாக உள்ளே வந்தவர் சேத்ரி. அணி ஒரு கோல் பின்தங்கியிருக்க, முற்பகுதியின் முடிவில் கிடைத்த பெனால்ட்டியை அடித்துச் சமன் செய்தவரும் அவரே. ஆட்டம் கடைசியில் பெனால்ட்டி முறையில் கைநழுவிப் போனாலும், மூத்தவர் ஒருவர் எங்கே அமர வேண்டும், எப்போது எழ வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் கடலில் மூத்த தண்டல் ஒருவர், சுக்கானை இளையவன் கையில் கொடுத்துவிட்டுத் தாம் அணியத்தில் அமர்ந்து காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துக்கொண்டே வருவார். பையனுக்குக் கை தளர்ந்தால் மட்டும் எழுந்து வருவார். அந்தப் பண்பைத்தான் சேத்ரியிடம் கண்டேன்.

ஆகையால் இளையவரின் இடத்தை மூத்தவர் பறித்தார் என்ற குற்றச்சாட்டு நிற்காது. பறித்தது வேறு. நம் லீக்கில் ஓர் அணி ஒரே சமயத்தில் நான்கு வெளிநாட்டவரை மைதானத்தில் இறக்கலாம் என்றிருக்க, பெரும்பாலான கிளப்புகள் கோலடிக்கும் ஸ்தானத்தை வெளிநாட்டவருக்கே கொடுத்துவிடுகின்றன. இந்திய இளைஞன் ஓரத்தில் ஓடப் பழகுகிறான், நடுவில் நின்று கோலடிக்கப் பழகுவதில்லை. பழகாத காரியத்தைத் தேசிய அணியில் மட்டும் அவன் எப்படிச் செய்வான்? இது போதாதென்று, 2025 ஜூலையில் லீக்கை நடத்தும் ஒப்பந்தத்தைப் பற்றிய தகராறில் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. பெங்களூரு கிளப் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் கிளப் தன் காரியங்களையே நிறுத்தியது. நாற்பது வயது மனிதருக்குக் கூடுதல் பருவம் தேவையா என்று நாம் தர்க்கித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், இருபது வயதுப் பிள்ளைகளுக்கு உரிய பருவம் எப்போது தொடங்கும் என்று சொல்ல ஒருவரும் இல்லாமற் போனார்கள்.

சென்னைக் கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று. 2025 ஏப்ரலில் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை முறிவால் விலக, நாற்பத்து மூன்று வயதுத் தோனி சென்னை அணிக்கு மீண்டும் தலைமை ஏற்றார். அந்த அணி அவ்வாண்டு கடைசி இடத்தில் முடிந்தது. அங்கேயும் குறையை அவர் வயதில் தேடியவர்களே அதிகம். ஆயினும் கிரிக்கெட்டில் ஓர் இளைஞன் தவறவிட்ட வாய்ப்பு அடுத்த ஆண்டு வேறு வாசல் வழியாக வந்துவிடும்; கால்பந்தில் அப்படி வேறு வாசல்கள் இல்லை.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். உச்சிப்புளிக்குத் தெற்கே, தென்கடல் என்று நாங்கள் சொல்லும் மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் இருக்கிறது புதுமடம். அஸர் தொழுகை முடிந்து வெயில் தணிந்ததும் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். சவுக்குக் கம்புகள் நட்டு, கிழிந்துபோன பழைய வலையை அதில் கட்டினால் கோல் தயார். பாதி பேர் காலில் ஒன்றுமில்லாமலே ஆடுவார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உயர்த்தி அடித்த பந்தைக் காற்று எங்கேயோ கொண்டுபோய்விடும் என்பதால், பந்தைத் தரையோடு தரையாகக் கடத்தி, குறுகிய இடத்தில் இரண்டு பேருக்கிடையே நுழைத்துக் கொடுக்கும் சாமர்த்தியம் இந்தப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது; மணலில் ஓடிய கால்களுக்குப் புல்தரை இலேசு. பெரிய ஊர்களில் பணம் கட்டிச் சேரும் பயிற்சிப் பள்ளிகள் கற்றுக்கொடுக்க முயல்வதை, காற்றும் மணலும் இவர்களுக்குச் சும்மா கற்றுக்கொடுத்திருக்கின்றன.

பெருநாள் சமயத்திலும் பள்ளி விடுமுறையிலும் ஊருக்கு ஊர் நடக்கும் போட்டிகளில், வளைகுடா நாட்டிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் மூத்தவர்களும் இறங்குவார்கள். இளமையில் இந்தக் கரையில் பேர் வாங்கிய ஒருவர், முப்பத்தைந்தைக் கடந்து, வயிறு சற்று முன்தள்ளி, முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய பூட்ஸின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருப்பார். “காக்கா, நீங்க பின்னாடி நின்னுக்கங்க, ஓட வேணாம்” என்று, அண்ணனைக் காக்கா என்றழைக்கும் எங்கள் வழக்கப்படி ஒரு பையன் மரியாதையோடு சொல்ல, “நீ முன்னாடி போடா தம்பி, பின்னாடி நான் பாத்துக்கிறேன்” என்பார் அவர். ஆட்டம் தொடங்கிய பின்பு பார்த்தால், அவர் ஓடுவதேயில்லை. பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்கூட்டியே நின்றிருப்பார். அவருக்கு ஒரு மாத விடுப்பில் கிடைப்பது இரண்டோ மூன்றோ ஆட்டங்கள். சந்தோஷமாக ஆடிவிட்டு விமானம் ஏறிவிடுவார். அவர் ஆடும் அந்தக் கூடுதல் பருவத்தை யார் குறை சொல்ல முடியும்?

துக்கம் வேறிடத்தில் இருக்கிறது. அந்த மூத்தவரை மரியாதையோடு பின்னால் நிற்கச் சொன்ன பையனுக்கும் ஆட்டங்கள் ஏறக்குறைய அவ்வளவுதான். எங்கள் போட்டிகளெல்லாம் தோற்றால் வெளியே என்ற முறையில் நடப்பவை. ஆண்டு முழுவதும் ஆவலோடு காத்திருந்த அணி, முதல் நாள் சாயங்காலமே ஒரு கோலில் தோற்றால் அதோடு அதன் பருவம் முடிந்தது. பிளஸ் டூ முடித்ததும் பாஸ்போர்ட், பட்டம் வாங்கியதும் விசா என்று வாழ்க்கை அவர்களை இழுத்துக்கொண்டு போகிறது. குடும்பத்தின் கடனையும் தங்கையின் கல்யாணத்தையும் சுமக்கப் போகிற பிள்ளையைப் போகாதே என்று தடுக்க எவருக்கும் அதிகாரமில்லை. நானும் தடுக்கச் சொல்லவில்லை. பதினாறு வயதுக்கும் இருபத்திரண்டு வயதுக்கும் இடைப்பட்ட அந்த ஆறு வருஷங்களில், அவன் கரையில் இருக்கும்போதே, முறையாக அவனை ஆடவைக்க நாம் என்ன ஏற்பாடு செய்தோம் என்பதே என் கேள்வி. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்ஸில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோலடித்த சைமன் சுந்தரராஜ் தமிழ்நாட்டுக்காரர். இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் அடித்த கடைசிக் கோல் இன்றுவரை அதுதான். அதற்குப் பின் அறுபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை சுந்தரராஜ்கள் விசா வந்த நாளோடு பந்தை மறந்தார்களோ! பெண் பிள்ளைகளுக்கோ அந்த மணல்வெளியும் இல்லை. 2018இலும் 2023இலும் தேசியச் சாம்பியனாகிய பெண்கள் அணி தமிழ்நாட்டின் அணிதான் என்ற செய்தியாவது எங்கள் பள்ளிக்கூடங்களின் சுவர்களில் எழுதப்பட வேண்டும்.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. இப்போது இரண்டு நாள் போட்டிக்கு விளக்குக்கும் பந்தலுக்கும் ஆளுயரக் கோப்பைக்கும் செலவாகும் பணத்தை வைத்தே, நான்கு மாதம் நடக்கும் ஒரு லீக்கை நடத்திவிடலாம். புதுமடம், பெரியபட்டினம், கீழக்கரை, வேதாளை, மரைக்காயர்பட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று கரையோரத்தில் எட்டு ஊர்கள் சேர்ந்து, ஒவ்வோர் ஊரும் மற்ற ஏழு ஊர்களோடு தன் மைதானத்தில் ஒரு முறையும் அவர்கள் மைதானத்தில் ஒரு முறையும் ஆடினால், ஒரு பையனுக்குப் பதினான்கு ஆட்டங்கள் நிச்சயம். இன்று தோற்றவனுக்கு அடுத்த வாரம் ஆட்டம் உண்டு. தவறைத் திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு. அடிபட்டவன் குணமாகித் திரும்ப முடியும், பெஞ்சில் இருப்பவனுக்கும் முறை வரும். பயிற்சியாளர்கள் வந்து பார்க்க வேண்டுமானால், என்றைக்கு எங்கே ஆட்டம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஓர் அணியில் முப்பது வயதைத் தாண்டியவர் இருவருக்கு மேல் இறங்கக் கூடாது என்றும், பதினெட்டுக்குக் கீழே இருவராவது இறங்கியாக வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை வைத்துவிட்டால், மூத்தவரும் இளையவரும் ஒருவர் வழியை ஒருவர் மறிக்காமல் ஒரே மைதானத்தில் நிற்கலாம். விடுப்பில் வந்த காக்காவின் அனுபவம் பையனின் காலுக்கு இறங்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. கடலோர ஊர்களின் ஜமாஅத்தாரும், பாம்பன் தங்கச்சிமடம் பக்கத்துப் பங்குப் பேரவைகளும், மீனவர் சங்கத்தாரும் ஒரு நாள் ஒன்றாக அமர வேண்டும். இராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியும், கீழக்கரையின் செய்யது ஹமீதா கல்லூரியும் முகமது சதக் பொறியியல் கல்லூரியும் தங்கள் மைதானங்களையும் உடற்கல்வி ஆசிரியர்களையும் இந்தப் பிள்ளைகளுக்காக வாரத்தில் ஒரு நாள் தந்துதவ வேண்டும். மாவட்ட நிர்வாகம், இராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில் இறுதியாட்டத்தை நடத்த இடம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சகோதரர்கள், கோப்பை வாங்க அனுப்பும் பணத்தை இனிப் பந்துக்கும் பூட்ஸுக்கும் நடுவரின் படிக்கும் என்று அனுப்ப வேண்டும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் தொடங்கி, நோன்பு மாதத்துக்கு மட்டும் இடைவெளி விட்டு, கோடை விடுமுறைக்குள் முடித்துவிடலாம். முதற்கூட்டத்தை எங்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம். எட்டு ஊர்ப் பெரியவர்களும் வர வேண்டும் என்று அழைக்கிறேன்.